இல்லாத பலாமரமும் பதின்மூன்று ஆண்டுப் பகையும்

அனுப்புநர்:
ம. பாக்கியநாதன் (வயது 54),
த/பெ. (காலஞ்சென்ற) மரியசூசை,
பள்ளி வேன் ஓட்டுநர்,
மாதா கோவில் தெரு, மஞ்சக்குட்டை,
ஏற்காடு வட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: மேல்சோலைக் காவல் நிலையப் பதிவேட்டில் ‘பலா’ பாக்கியநாதன் என்ற பெயரில் வாழ்ந்துவரும் ரவுடியை நீக்கி, எனக்கு நன்னடத்தைச் சான்று வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது இணையவழி விண்ணப்பம், நாள் 22.04.2025.
2. ‘பாதகமான பதிவு உள்ளது’ என்று எனக்கு வந்த பதில், நாள் 06.05.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புதன்கிழமைகளில் தாங்கள் பொதுமக்களை நேரில் பார்த்து மனு வாங்குவதாக அறிந்து, முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்து இதைச் சமர்ப்பிக்கிறேன். மனு சற்று நீளம். என்னைப் பற்றிய பதிவேடும் நீளமாக இருப்பதால் வேறு வழியில்லாமல் போயிற்று. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. ஏற்காட்டில் ஒரு பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறேன். காலையில் மஞ்சக்குட்டையில் எடுத்து, வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, மாலையில் அவரவர் வாசலில் திரும்ப விடுவது என் வேலை. இத்தனை ஆண்டில் என் மேல் வந்த புகார்கள் இரண்டு. வளைவுகளில் ஹாரன் அதிகம் அடிக்கிறேன் என்பது ஒன்று. வேனில் பாட்டுப் போடுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே.

2. இந்தக் கல்வியாண்டு முதல் வேன் ஓட்டுநர்கள் அனைவரும் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கொடுக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நியாயமான கட்டளைதான். என் பிள்ளை அந்த வேனில் போனால் நானும் அதைத்தான் கேட்பேன். ஆகவே விண்ணப்பித்தேன். வந்த பதிலில், நான் ‘பலா’ என்ற பட்டப்பெயரால் அறியப்படுபவன் என்றும், ‘பாக்கியநாதன் கோஷ்டி’யின் தலைவன் என்றும், செம்மநத்தம் கருப்பண்ணன் என்பவரோடு ஒரு பலாமரத்தின் எல்லைத் தகராறில் பதின்மூன்று ஆண்டுகளாகப் பகை பாராட்டி வருபவன் என்றும், பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக்கூடியவன் என்றும் கண்டிருந்தது. ஆகையால் சான்று வழங்க இயலாதாம். ஜூன் 2 பள்ளி திறக்கிறது. அன்று காலை ஏழு மணிக்குள் சான்று இல்லையென்றால் வேன் சாவியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் முடிவு.

3. இதற்கு என் விளக்கம்: எனக்குப் பலாமரம் இல்லை. பலாமரம் நட நிலமும் இல்லை. குடியிருப்பது வாடகை வீடு. அதன் முன்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு, அதுவும் வீட்டுக்காரருடையது. கோஷ்டியில் என்னையும் என் மனைவி சாந்தாமேரியையும் தவிர யாரும் கிடையாது. அவளும் பெரும்பாலான விஷயங்களில் எதிர்க்கோஷ்டி. மேற்படி கருப்பண்ணனோ இந்த மலையில் எனக்கிருக்கும் ஒரே நெருங்கிய நண்பர்.

4. இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் எங்கள் நிலையத்து ஏட்டையா. பதவி உயர்ந்த பின்னும் ஊர் வாய்க்கு அவர் ஏட்டையாதான். அவருடைய பெயர் எனக்கு நினைவில்லை. இதை ஐயா அவர்கள் நம்ப வேண்டுகிறேன். அவர் மனைவி பெயர் ராசம்மாள் என்பதும், மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு நான்தான் வேன் ஓட்டினேன் என்பதும், சர்க்கரை வியாதி வந்தபின் டீயைச் சர்க்கரை இல்லாமல் வாங்கிவிட்டு, சர்க்கரையைத் தனியாகக் கரண்டியில் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார் என்பதும் நன்றாக நினைவிருக்கின்றன. பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அவர் பணியில் இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா என்பதும் இப்போதைக்கு நினைவில்லை. மே 31 கழிந்தால் நினைவு வரக்கூடும்.

5. 2011 மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் என் மகள் லூர்துசெல்வி காணாமல் போனாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. மூடுபனி வேறு இறங்கிவிட்டது. நிலையத்துக்கு ஓடினேன். ஏட்டையா புகார் எழுதவில்லை. பேனாவைக்கூட எடுக்கவில்லை. “என்ன சட்டை போட்டிருந்தா? என்ன திங்கப் புடிக்கும்?” என்று இரண்டே கேள்வி கேட்டார். என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் போய், பஜ்ஜிக் கடை பஜ்ஜிக் கடையாக விசாரித்துக்கொண்டே நடந்திருக்கிறார். முக்கால் மணி நேரத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் கையில் மிளகாய் பஜ்ஜி இருந்தது. அவர் தொப்பி அவள் தலையில் இருந்தது. “புடி சாமி, உன்ற புள்ளைய” என்றார். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் என்ன பாடு பட்டேன் என்பதை மனுவில் எழுத எனக்குத் தெரியவில்லை. இந்த நிகழ்ச்சி எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. நிலையத்தைப் பொறுத்தவரை என் மகள் காணாமல் போகவே இல்லை.

6. மறு ஆண்டு கோடை விழாவுக்கு முன்பு ஏட்டையா என் வீட்டுக்கு வந்தார். விழா வருவதற்குள், சண்டை சச்சரவு செய்யக்கூடியவர்களைக் கண்டுபிடித்து, ‘ஓராண்டுக்கு ஒழுங்காக இருப்பேன்’ என்று கோட்டாட்சியர் முன்னிலையில் பத்திரம் எழுதி வாங்கி, பட்டியலை மேலே அனுப்ப வேண்டுமாம். எங்கள் பகுதியில் அப்படி யாரும் அகப்படவில்லையாம். இல்லை என்று எழுதினால், நிலையத்தில் தூங்குகிறீர்களா என்று மேலே கேட்பார்களாம். “பாக்கியம், ஒரே ஒரு கையெழுத்து சாமி. சும்மா பேருக்குத்தான். நீ போயி ஆரை அடிக்கப் போற?” என்றார். என் பிள்ளையைத் தோளில் தூக்கி வந்தவர் கேட்கிறார். கையெழுத்துதானே என்று போட்டேன்.

சண்டை என்றால் இரண்டு தரப்பு வேண்டும் என்பது அவருக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொள்ளாத ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். கருப்பண்ணன் பெயரைச் சொன்னேன். இந்த மனுவில் நான் ஒப்புக்கொள்ளும் குற்றம் இது ஒன்றே. அந்த நேரத்தில் ஏட்டையா கையில், கருப்பண்ணன் தன் தோட்டத்திலிருந்து எங்களுக்குக் கொடுத்தனுப்பிய பலாச்சுளை இருந்தது. தகராறுக்கான காரணம் அப்படித்தான் கிடைத்தது.

7. அன்று முதல் 2024 வரை ஆண்டுதோறும் இது நடந்தது. நாங்கள் மூவரும் ஒரே பஸ்ஸில், மூன்று பேர் சீட்டில் ஒன்றாக உட்கார்ந்து மலையிறங்குவோம். கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மட்டும், ஏட்டையா சொற்படி, நானும் கருப்பண்ணனும் பத்தடி தள்ளி நிற்போம். “கொஞ்சம் மொறைச்சுக்கிட்டு நில்லுங்க” என்பார். கருப்பண்ணனுக்குச் சிரிப்பு அடங்காது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். ஒரு முறை அதைப் பார்த்த அலுவலர், பாவம், ஆத்திரத்தில் அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூவரும் சாப்பிட்டு, அடுத்த பஸ்ஸில் மேலே ஏறிவிடுவோம்.

முதல் ஆண்டில் எங்களுக்குள் வாய்த்தகராறு. மூன்றாம் ஆண்டில் அது கைகலப்பாயிற்று. ஐந்தாம் ஆண்டில் படிவத்தில் ‘என்கிற’ என்று ஒரு புதுக் கட்டம் வந்தது. அதைக் காலியாக விடக்கூடாதாம், ஆகவே பட்டப்பெயர் வைத்தார். ஏழாம் ஆண்டில், எழுதியதையே எழுதி அலுப்பாக இருக்கிறது என்று சொல்லி, நான் அரிவாளோடு பலாமரத்தை வெட்டப் போனதாக எழுதினார். அரிவாளா என்று கேட்டேன். “ஆரு படிக்கப் போறாங்க?” என்றார். அவர் முப்பத்தைந்து ஆண்டு சர்வீஸில் கண்ட அனுபவம் அது. நானும் ஒப்புக்கொண்டேன்.

8. சென்ற செப்டம்பரில் உதவி ஆய்வாளராகச் சிவரஞ்சனி மேடம் பொறுப்பேற்றார். வயது இருபத்தேழு. கணினிப் பொறியியல் படித்துவிட்டு நேரடித் தேர்வில் வந்தவர். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேடம் வந்தபின் நிலையத்தில் வாசல்படி ஏறினாலே ரசீது கிடைக்கிறது. உட்கார நாற்காலி போடுகிறார்கள். ஆண்களைச் ‘சார்’ என்றும் பெண்களை ‘அம்மா’ என்றும் கூப்பிடுகிறார்கள். ஏட்டையா என்னை ‘டேய் பாக்கியம்’ என்று கூப்பிட்ட காலத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மேடம் ‘பாக்கியநாதன் சார்’ என்றால் தானாகக் கை கட்டிக்கொள்கிறது. அவர் தோளில் ஒரு சிறிய கேமரா இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால், பேசுவதெல்லாம் பதிவாகிறது என்று அர்த்தமாம். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்.

நிலையத்தின் பின்னறையில் பழைய பதிவேடுகள் மழை ஈரத்தில் ஊறிக் கிடந்தன. இன்னும் இரண்டு மழைக்காலம் அப்படியே கிடந்திருந்தால் என் குற்றங்கள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். மேடம் தம் அறையிலிருந்து சொந்த ஹீட்டரைக் கொண்டுவந்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகக் காயவைத்துப் பிரித்து, படமெடுத்து, கணினியில் ஏற்றினார். இதற்காக ஜனவரியில் அவருக்குப் பாராட்டுச் சான்று கிடைத்தது என்று அறிகிறேன். முழுத் தகுதி உடையவர். ஏட்டையா பதின்மூன்று ஆண்டு எழுதியதை அதுவரை யாரும் படித்ததில்லை. மேடம் படித்தார். படித்ததை நம்பவும் செய்தார்.

9. பிப்ரவரி நடுவிலிருந்து ஞாயிறுதோறும் காவலர் பிரபாகர் செல்போனோடு என் வீட்டுக்கு வருகிறார். ரவுடி வீட்டில் இருக்கிறானா என்று, இடமும் நேரமும் தெரியும்படி படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். இருபத்து நான்கு வயதுப் பையன், நல்ல மரியாதை. பூசை முடிந்து வரும் நேரமாகப் பார்த்து வருவார். “கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க சார்” என்பார். தலை கலைந்திருந்தால் சாந்தாமேரி சீப்பு எடுத்து வருவாள். படத்தின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பிவைப்பார். என் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக யாரும் என்னைப் படம் எடுத்ததில்லை.

மார்ச் மாதம் செம்மநத்தத்தில் கருப்பண்ணன் மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம். பதிவேட்டின்படி எதிரி வீட்டுக் கல்யாணம். இரு தரப்பும் ஓரிடத்தில் கூடுவதாகக் கணினி எச்சரித்ததால், பிரபாகரும் இன்னொரு காவலரும் பந்தியிலேயே நின்றார்கள். பெண்ணின் அப்பா என்ற முறையில் கருப்பண்ணன் பாயச வாளியோடு என் இலைக்கு வந்தார். “எதிர்த்தரப்புக்கிட்ட நேரடியாப் போகக் கூடாதுங்க” என்று பிரபாகர் குறுக்கே வந்தார். பிறகு மனசு கேட்காமல், வாளியைத் தானே வாங்கி எனக்கு இரண்டு கரண்டி ஊற்றினார். கருப்பண்ணன் மூன்றாவது கரண்டியும் ஊற்றச் சொன்னார், அதையும் ஊற்றினார். ‘இரு தரப்பும் நேருக்கு நேர் சந்தித்தும் அசம்பாவிதம் தவிர்க்கப்பட்டது’ என்று அன்று பதிவாகியிருக்கிறது. எங்கள் பகையில் உண்மையாக நடந்த ஒரே நிகழ்ச்சி அதுதான்.

10. ஏட்டையா காலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்பதாக ஐயா எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் தெருவில் முத்தாயி என்ற பெண் எஸ்டேட் வேலைக்குப் போகிறவள். புருஷன் அடித்த அடியில் மூன்று முறை நிலையத்துக்குப் போனாள். மூன்று முறையும் ஏட்டையா இருவரையும் உட்கார வைத்துப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து, சமாதானம் செய்து அனுப்பினார். ஒன்றும் எழுதவில்லை. நான்காவது முறை அவள் போனபோது மேடம் இருந்தார். எழுதினார். இப்போது முத்தாயி தன் பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறாள். புருஷன் தெருப் பக்கம் வருவதில்லை. “அந்தப் புள்ள முன்னாடியே வந்திருந்தா முத்தாயிக்குக் கை ஒடிஞ்சிருக்காதுங்க” என்று சாந்தாமேரி இன்றும் சொல்கிறாள். அவள் சொல்வது சரி. இதில் நான் ஏட்டையாவுக்குப் பரிந்து பேசப் போவதில்லை.

11. பதில் வந்த மறுநாள், மே 7 அன்று, நிலையத்துக்குப் போனேன். மேடமும் ஏட்டையாவும் இருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. “ஏனுங்க மேடம், அவரு ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவருங்க. எனக்கு நல்லாத் தெரியுமுங்க. நான் சொல்றனுங்க, விட்டுருங்க” என்றார் ஏட்டையா. இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்த காலம் ஒன்று உண்டு. மேடம் கணினியைத் திருப்பிக் காட்டினார். “அப்போ பதிமூணு வருஷம் இதை எழுதுனது யாருங்க? கீழே இருக்கறது யார் கையெழுத்துங்க?” என்று குரலை உயர்த்தாமல் கேட்டார். ஏட்டையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

மேடம் என்னிடம் திரும்பி, இந்தப் பதிவுகள் பொய் என்று, எழுதியவரே எழுத்துமூலம் கொடுத்தால் அன்றைக்கே மேலே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். வாய்வார்த்தைக்குத் தம்மால் எதுவும் செய்ய இயலாது என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். அது முகத்தில் தெரிந்தது.

வெளியே வந்ததும் ஏட்டையா பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்தார். பொய்ப் பதிவு எழுதினேன் என்று பணியில் இருக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அவருக்கு என்ன ஆகும் என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுக்கு இத்தனை நாள்தான் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணும் ஒருவராக இருந்தால் இன்னும் மோசம். ஏட்டையா அப்படிப்பட்டவரா என்பது, மேலே சொன்னபடி, எனக்கு நினைவில்லை.

12. இதற்கிடையில் இந்த ஆண்டுக் கோடை விழாவுக்கான பட்டியலும் தயாராகிவிட்டது. அதிலும் முதலில் இருப்பது என் பெயர். மேடத்திடம் காரணம் கேட்டேன். “சிஸ்டம்ல உங்க பேருதான் சார் முதல்ல வருது. நான் எதையும் சேர்க்கலை, எதையும் எடுக்கலை” என்றார். யாரும் இல்லை என்று போடக்கூடாதா என்றேன். பூஜ்யம் போட்டால் கணினி அந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேன் என்கிறதாம். போட்டும் காட்டினார். அந்தக் கட்டம் சிவந்துபோய் நின்றது. ஆக, ஏட்டையாவுக்கும் ஆள் தேவைப்பட்டது, கணினிக்கும் ஆள் தேவைப்படுகிறது. ஏட்டையா வீட்டுக்கு வந்து, டீ குடித்து, என்னைக் கேட்டு எழுதினார். இப்போது அந்தத் தொந்தரவு இல்லை, செல்போனிலேயே அழைப்பாணை வந்துவிடுகிறது.

13. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ‘நம்ம வேன் அங்கிள் ரவுடியாமே, உண்மையா?’ என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் மேல் தப்பில்லை. அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை அவர் மறந்துவிட்டார். நர்ஸிங் படிக்கும் என் மகள் போன் செய்து, “அப்பா, நீங்க எதுக்குங்க அதுல கையெழுத்துப் போட்டீங்க?” என்று அழுதாள். எதற்குப் போட்டேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு அந்த மிளகாய் பஜ்ஜிகூட நினைவில்லை.

எனக்குப் பதிலாக வரக்கூடிய ஓட்டுநரிடம் சில விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய பாறை தாண்டி மூன்றாம் வளைவில் யூ.கே.ஜி. ஆன்மேரிக்கு வாந்தி வரும், ஜன்னலோரம் உட்கார வைத்து எலுமிச்சம்பழம் கையில் கொடுக்கவும். மழை பெய்தால் பள்ளத்து வீட்டுப் பையன்கள் இருவரையும் ரோட்டில் இறக்கிவிடாமல், வீட்டார் குடையோடு மேலே வரும்வரை காத்திருக்கவும். இப்படிப் பதினாறு விவரங்கள். இவற்றைக் கணினியில் ஏற்ற ஏதாவது பக்கம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

14. கடந்த ஞாயிறு, மே 18 அன்று, பிரபாகர் படமெடுத்துவிட்டுப் போன சற்று நேரத்தில் ஏட்டையா வந்தார். டீ வேண்டாம் என்றார். இருபது ஆண்டுப் பழக்கத்தில் என் வீட்டில் அவர் டீ வேண்டாம் என்று சொன்னது அன்றுதான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பொய்யை ஒரு மூச்சில் பக்கம் பக்கமாக எழுதிய கை அது. இந்தத் தாளில் பதினொரு வரிதான் இருக்கிறது. அதில் நான்கு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறார். பலாமரம் இல்லை, பகை இல்லை, கோஷ்டி இல்லை, எல்லாம் நானாக எழுதியது என்று கண்டிருக்கிறது. கீழே பெயர், பதவி, எண், கையெழுத்து, தேதி எல்லாம் தெளிவாக இருக்கின்றன. “மேடத்துக்கிட்டக் குடுத்துரு சாமி. நாளைக் கடத்திப்போடாத, பள்ளிக்கூடம் தொறந்துரும்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் போனார். வாசல்படியில் இறங்கும்போது கால் தடுமாறியது. நான் பிடிக்கப் போனதற்குக் கையை உதறினார்.

அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். சாந்தாமேரியும் படித்தாள். படித்த பிறகும் எங்கள் இருவருக்கும் பெயர் நினைவில் நிற்கவில்லை.

15. நேற்று முன்தினம், திங்கட்கிழமை, மேடத்தைப் பார்க்கப் போனேன். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. “யாராவது எழுதிக் கொடுத்தாங்களா சார்?” என்று கேட்டார். இல்லை மேடம் என்றேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். மடிப்பின் முனை வெளியே தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கை தோள்பக்கம் போய்க் கேமராவின் மேல் சற்று நேரம் தங்கிவிட்டது. தற்செயலாகத்தான் இருக்கும். “ஜூன் ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கிழமைங்க சார். இருந்தாலும் நான் ஸ்டேஷன்லதான் இருப்பேன்” என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, நான் வந்துபோனதற்கு ரசீது கொடுத்தார்.

மேற்கண்ட நிலையில், நான் தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது:

(அ) ஜூன் 1 அன்று எங்கள் நிலையத்திலிருந்து தங்களுக்கு ஓர் அறிக்கை வரும். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பொருட்படுத்தாமல், ‘பலா’ பாக்கியநாதனை அன்றைக்கே ஒழித்து, மறுநாள் காலை ஏழு மணிக்குள் எனக்குச் சான்று கிடைக்க ஆவன செய்ய வேண்டும்.

(ஆ) நானும் கருப்பண்ணனும் நண்பர்களாக இருப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை என்று ஓர் உத்தரவு வேண்டும்.

(இ) பட்டியல் படிவத்தில் பூஜ்யம் போட ஒரு வழி செய்து கொடுக்க வேண்டும். சண்டைக்காரர் இல்லாத ஊர்கள் இந்த மலையில் சில உண்டு.

(ஈ) இது தொடர்பாக யார் மீதும் நடவடிக்கை வேண்டாம். மேடம் மீதும் வேண்டாம், பெயர் நினைவில்லாதவர் மீதும் வேண்டாம்.

இந்த மனுவைப் படித்ததும், ஏட்டையா கொடுத்த தாள் எங்கே என்று தாங்கள் கேட்கக்கூடும். தங்களைப் போன்ற பெரிய அதிகாரி நேரில் கேட்டால் தராமல் நிற்கும் துணிச்சல் எனக்கு இல்லை. இத்தனை ஆண்டாக யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்ட ஆள் நான். ஆகையால் அதைச் சாந்தாமேரியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதை வேதாகமத்துக்குள் வைத்து, வேதாகமத்தைப் பெட்டிக்குள் வைத்து, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள். ஜூன் 1 காலைப் பூசை முடியும்வரை என்னிடமே தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் என் வேலை போனாலும் பரவாயில்லை என்றும் சொன்னாள். எங்கள் கோஷ்டியில் முதல் முறையாக இருவரும் ஒரே பக்கம் நிற்கிறோம்.

இடம்: மஞ்சக்குட்டை
நாள்: 21.05.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ம. பாக்கியநாதன்
(பதிவேட்டின்படி ‘பலா’ பாக்கியநாதன்)

இணைப்பு:
1. இணையவழிப் பதிலின் நகல்.
2. வாடகை வீட்டு ஒப்பந்த நகல் (நிலமின்மைக்கு ஆதாரம்).
3. ஞாயிற்றுக்கிழமைப் படங்கள், எண்ணிக்கை 14.
4. பின்னர் சமர்ப்பிக்கப்படும்.

மனுதாரர் கூறியவை அனைத்தும் உண்மை என்பதற்குச் சாட்சி:
கருப்பண்ணன், செம்மநத்தம்
(பதிவேட்டின்படி எதிரி, மனுதாரருக்குத் துணையாக ஒரே பஸ்ஸில் வந்து, வெளியே வரிசையில் நிற்கிறார்)